ஊர் மருமகனின் முழங்கால்

குட்மேய்ஸ் பெருந்தெருவில் இருக்கும் பெனடிக்ற்றின் கடைக்குள் போனால், கல்லாவுக்குப் பின்னால் சிகரெட் அலுமாரிக்கு மேலே ஒரு வெள்ளிக் கப் நிற்பதைக் காணலாம். தூசு படிய விடமாட்டார்கள்; துடைத்து மினுக்கியபடியே இருக்கும். யார் வென்றது என்று கேட்டால், பூவரசந்துறை வென்றது என்பார் பெனடிக்ற். அது பொய்யில்லை. ஆனால் பாதி வாயால் சொன்ன உண்மை. அந்தக் கப்பை வென்று கொடுத்தவன் பூவரசந்துறையைக் கண்ணால் கண்டவனே அல்ல. மன்னார்க் கரையில் அப்படி ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது என்பதே தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அவன் பெயர் டெல்பிம். போர்த்துக்கல்காரன். லிஸ்பன் பட்டினத்தில் அல்பாமா என்று ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் ஒரு பழைய குடியிருப்பில், மீன் விற்ற ஒரு தாய்க்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவன். பந்தடிப்பதுதான் தொழில். பெரிய பெயர் எடுத்த ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். தொலைக்காட்சியில் வருகிறவர்கள் கொஞ்சப் பேர். அவர்களுக்குக் கீழே, பனிக்காலத்துக்கு ஓர் ஊர், வெயில்காலத்துக்கு ஓர் ஊர் என்று கூலிக்குப் பந்தடித்துத் திரிகிறவர்கள் ஆயிரம் பேர். டெல்பிம் அந்த ஆயிரத்தில் ஒருவன்.

மீசை சரியாக முளைக்க முன்னரே வீட்டை விட்டு வெளிக்கிட்டான். முதலில் போனது சைப்பிரஸ். கடலும் வெயிலும் தன் ஊர் மாதிரியே இருந்ததால், இனி இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று நம்பிப் பானை சட்டி வாங்கினான், யன்னலுக்குத் திரை வாங்கினான். ஒருநாள் காலையில் பயிற்சிக்குப் போய் உடுப்பு மாற்றும் அறைக் கதவைத் திறந்தால், அவனுடைய கொழுவியில் வேறொருவனுடைய சட்டை தொங்குகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அன்றைக்கு ஒரு பாடம் படித்தான். போ என்று ஒருத்தன் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. சட்டை மாறினால், அதுதான் சொல். அதற்கு முன்னமே பையைக் கட்டிவிட வேண்டும்.

சைப்பிரஸுக்குப் பிறகு ருமேனியா. அங்கே பனி முழங்கால் வரைக்கும் வரும். நோகிற முழங்காலுக்கு ஊசி போட்டு மரக்கப்பண்ணிவிட்டு விளையாட இறக்குவார்கள். அந்தப் பழக்கம் அங்கேதான் பிடித்தது. பிறகு அங்கோலா. பாஷை ஒன்று என்பதால் தம்பி தம்பி என்று தோளில் தூக்கினார்கள், வருடம் முடிய விமான நிலையம் வரை வந்து அழுதார்கள், ஆனால் இருக்கச் சொல்லவில்லை. பிறகு வியட்நாம். அங்கே இருக்கும்போதுதான் தாய் செத்துப்போனாள். செய்தி வந்து, டிக்கெற் எடுத்து, விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது சேமக்காலையில் மண் மூடியாகிவிட்டது. வீட்டுக்காரன் சாவியையும் வாங்கிவிட்டான். பிறகு கோவா. பிறகு இங்கிலாந்தின் எஸெக்ஸ் பக்கம், மழைக்கு ஒதுங்கக் கூரையும் இல்லாத ஒரு சின்னக் கழகம்.

இத்தனை இடத்திலும் அவன் உடுப்பை அலுமாரியில் வைத்ததில்லை. நீல நிறத்தில் ஒரு பெரிய பை. அதிலிருந்து எடுத்து உடுப்பான். தோய்த்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பான். போன இடமெல்லாம் அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இனிப் பை கட்டத் தேவையில்லாத ஓரிடம் வேண்டும். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை.

எஸெக்ஸ் கழகத்தில் வைத்து வலது முழங்கால் முற்றாக மடங்கிப்போனது. ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "உள்ளே மெத்தை மாதிரி இருக்கவேண்டியது தேய்ந்துபோய்விட்டது. எலும்பும் எலும்பும் உரசுகிறது. நடக்கலாம், வேலை செய்யலாம். ஓடக் கூடாது. ஓடினால் பிறகு நடக்கவும் முடியாமல் போகும்."

கழகம் அடுத்த நாளே அவனைக் கைவிட்டது. அவனும் முதல் நாளே பையைக் கட்டியிருந்தான்.

அப்படித்தான் அவன் இல்ஃபோர்ட் பக்கம் வந்து, நம்மவர் ஒருவருடைய மொத்தச் சாமான் கடையில் அரிசி மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தான். நான் பந்தடிகாரன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன? செத்த பசு எத்தனை போத்தல் பால் கறந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமைகளில் அப்டன் பார்க் பக்கத்து அந்தோனியார் கோவிலுக்குப் போவான். நம்முடைய சனம் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரை விடாது அல்லவா? தொலைந்துபோனதைத் தேடித் தருகிறவர் அவர். விசா தொலைத்தவர்களும் மனிதரைத் தொலைத்தவர்களும் அங்கே நிறையப் பேர். பெர்னடெற் அங்கே சுரூபத்துக்கு முன்னால் நின்று மெழுகுதிரித் தட்டைத் துப்புரவாக்குவாள். முதியோர் இல்லத்தில் வேலை. நாற்பது கடந்தும் கலியாணம் நடக்காத பெண். ஊரில் யுத்தத்துக்குள் தாய் தகப்பனைப் பராமரித்து, பிறகு லண்டன் வந்து அண்ணன் பெனடிக்ற்றின் பிள்ளைகளைப் பார்த்து, அப்படியே காலம் போய்விட்டது. வாய் மட்டும் குறையவில்லை.

சுரூபத்தைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் தனக்குள் சிரிப்பதைக் கண்டு, "என்ன பகிடி?" என்று இங்கிலீசில் அதட்டினாள்.

"இவர் எங்கள் தெருக்காரர். ஊர் ஆட்களைக் கண்டால் சிரிப்பு வரும்தானே."

"விசர்க் கதை கதையாதேங்கோ. அந்தோனியார் பதுவைப் பட்டினத்தார்."

"செத்ததுதான் பதுவையில். பிறந்தது லிஸ்பனில். எங்கள் அம்மா மீன் விற்ற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும்."

அவள் நம்பவில்லை. நேரே போய்ப் பாதரிடம் கேட்டாள். உண்மைதான் என்று பாதர் சொன்னார். அடுத்த செவ்வாய் வரும்போது, தோற்றவள் கொடுக்கும் தண்டம் மாதிரி, கடதாசியில் சுற்றிய மீன் பற்றிஸ் பலகாரம் இரண்டைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அதிலிருந்து தொடங்கியது.

விஷயம் அண்ணன் காதுக்குப் போனதும் பெனடிக்ற் துள்ளினார். பூவரசந்துறை விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளைக்குத் தலைவர் அவர். ஊர்ச் சனம் தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்பதுதான் அவருக்குக் காலைச் செபமும் மாலைச் செபமும்.

"பறங்கியனுக்கோ எங்கட பெட்டையைக் குடுக்கிறது? அவன்ரை குலம் கோத்திரம் ஆருக்குத் தெரியும்?"

"ஏன் அண்ணை, வேதத்தை மட்டும் பறங்கியிட்டை வாங்கலாம், மாப்பிள்ளை வாங்கக் கூடாதோ?" என்றாள் பெர்னடெற்.

பெனடிக்ற்றின் மனைவி டொலறஸ் குசினிக்குள் நின்று சிரித்துவிட்டாள். அதற்காக அன்றைக்கு அவளுக்கும் பேச்சு விழுந்தது.

"மூட்டை தூக்கிறவன் மாப்பிள்ளையாம்! நான் செத்தாப் பிறகு செய். என்ரை உயிர் இருக்க நடவாது" என்று தங்கையிடம் சொல்லி முடித்தார் பெனடிக்ற்.

மூன்று வருடம் அப்படியே போனது. பெர்னடெற் பிடிவாதக்காரி. அண்ணனை மீறிக் கட்டவும் இல்லை, டெல்பிமை விடவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியும் பற்றிஸும் தவறவில்லை.

பிறகு ஒருநாள் நடந்ததைக் கேளுங்கள். மொத்தச் சாமான் கடையின் பின்வளவில் லொறியிலிருந்து மூட்டை இறங்குகிறது. மதிலுக்கு அப்பால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடிய பந்து இந்தப் பக்கம் வந்து விழுந்தது. தோளில் மூட்டையோடு நின்ற டெல்பிம், மூட்டையை இறக்காமலே, விழுந்த பந்தை இடது காலால் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினான். பந்து மதிலுக்கு மேலால் போய், கூப்பிட்ட பிள்ளையின் கையிலேயே விழுந்தது. பழகிய கால் சும்மா இருக்குமா? கூட வேலை செய்த றஜீவ் அதைக் கண்டான். றஜீவ் யார்? பூவரசந்துறைக் கழகத்தின் கோல்காப்பாளன். போனை எடுத்து டெல்பிமின் முழுப்பெயரைத் தட்டிப் பார்த்தான். ஒவ்வொரு நாட்டு ஜேர்சியிலும் அவன் படம் வந்தது.

அன்று பின்னேரமே செய்தி பெனடிக்ற்றின் கடைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் லண்டனில் ஊர்க் கழகங்களுக்குள் ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். கொத்துரொட்டிக் கடை, பைலாப் பாட்டு, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. வெறும் விளையாட்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பூவரசந்துறைக்கும் பக்கத்து ஊரான மணற்றுறைக்கும் கடலில் யார் எங்கே வலை போடுவது என்ற வலைப்பாட்டுச் சண்டை பாட்டன் காலத்தில் தொடங்கியது. இப்போது கடலும் இல்லை வலையும் இல்லை, பந்தில் தீர்க்கிறார்கள். வருடா வருடம் மணற்றுறைதான் கப் எடுத்தது. காசுக்கு ஆட்டக்காரரைப் பிடித்து வருவதைத் தடுக்க ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். ஊரில் பிறந்தவன் விளையாடலாம், பிறந்தவர்களின் பிள்ளை விளையாடலாம், ஊரில் பெண் எடுத்தவன் விளையாடலாம். பெண் எடுத்தது என்றால் பதிவுக் கந்தோர் எழுத்து மட்டும் காணாது. கோவிலில் தாலி ஏறியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு பெனடிக்ற் மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தன். அவரும் வேதக்காரன்தானே. என்னத்துக்கு உன்ரை மனதை நோகடிப்பான்?"

பெர்னடெற் கண்ணைச் சுருக்கினாள். "மூண்டு வருசமா யோசிச்சனீங்களோ அண்ணை?"

"தபசுகாலம் முடியட்டும். உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோடை வைப்பம். ஓகஸ்ட்டுக்கு முன்னம் தாலி ஏறவேணும்."

"ஏன் ஓகஸ்ட்டுக்கு முன்னம்?"

"அதுக்குப் பிறகு மண்டபம் எடுக்கேலாது" என்றார் பெனடிக்ற், முகட்டைப் பார்த்துக்கொண்டு.

பெர்னடெற் முட்டாள் அல்ல. போட்டி விஷயம் அடுத்த நாளே டொலறஸ் வாயால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் நினைத்தது இதுதான்: அண்ணை எதற்காக வேண்டுமானாலும் ஓம் சொல்லட்டும், எனக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கிறது, டெல்பிமும் ஒரு நாள் பந்தடித்தால் தேய்ந்தா போய்விடுவான்? தேய்ந்துதான் போயிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எல்லாருக்கும் இருக்கும் மூட்டு வலி என்று அவன் சொல்லியிருந்தான்.

கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து அறிவித்தார்கள். தாலி ஏறியது. மண்டபத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களைவிடக் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். கழகப் பொடியன்கள் வந்து கை கொடுத்துவிட்டுக் குனிந்து கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார்கள், சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் மாதிரி. பெனடிக்ற் மைக் பிடித்து, "எங்கட மருமகன், எங்கட ஒன்பதாம் நம்பர்!" என்று சொல்லி, கலியாணப் பரிசாக ஜேர்சியைப் போர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டெல்பிம் சிரித்துக்கொண்டு நின்றான். உள்ளுக்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. இதுவும் ஒப்பந்தம்தான். பெண்ணைத் தரவில்லை, காலை எடுத்திருக்கிறார்கள். பெர்னடெற்றும் அப்படித்தானா என்று அவன் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்த ஊரிலும் கேட்டுப் பழக்கமில்லை.

பெர்னடெற் புது வீட்டுக்கு ஓர் அலுமாரி வாங்கி வைத்திருந்தாள். பாதி அவளுடையது, பாதி அவனுடையது. அலுமாரி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. அல்பாமாவில் அவன் தாயும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுவாளாம். உடுப்பை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். வெறும் பையை மட்டும் வீசாமல் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தான்.

பயிற்சி தொடங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முழங்காலை எத்தனை நாளைக்கு மறைப்பது? வேலையில் மூட்டை இழுத்த வலி என்று வீட்டில் சொன்னான். வீட்டில் படி தவறினேன் என்று பயிற்சியில் சொன்னான். எஸெக்ஸில் பழகிய ஒருவனைப் பிடித்து, ருமேனியாவில் போட்ட அதே ஊசிக்கு ஒழுங்கு செய்தான். டொக்டர் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனால் கால் இல்லை என்று சொன்னால் வீடும் இல்லை என்று அவன் மனதில் ஒரு கணக்கு. பிழையான கணக்கு. அதைப் பிழை என்று சொல்லக்கூடியவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

"என்ன இழுத்து இழுத்து நடக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்டும் இல்லை. சப்பாத்து புதுசு."

போட்டியன்று நல்ல வெயில். பைனலில் எதிர்பார்த்தது போலவே பூவரசந்துறையும் மணற்றுறையும். அணிகள் இறங்கப் போகும்போது மணற்றுறைக் கழகத்தின் அருட்பிரகாசம், தொப்பியும் தொந்தியுமாக, மைதானத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"பெனடிக்ற், இந்த வெள்ளைக்காரத் தம்பி எந்த வளவுப் பொடியன் காணும்?"

"எங்கட மருமகன். என்ரை தங்கச்சிக்குத் தாலி கட்டினவர். சட்டம் தெரியும்தானே?"

"சட்டம் தெரியும். கப்புக்காகக் கலியாணம் வைச்ச ஊரை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

சனம் கொல்லென்று சிரித்தது. அருட்பிரகாசம் டெல்பிம் பக்கம் திரும்பினார். "தம்பி, ஊர் மருமகன்தானே? பூவரசந்துறைக் கோவில் ஆரின்ரை கோவில்? சொல்லும் பாப்பம்."

டெல்பிமுக்கு அந்த அளவு தமிழ் விளங்கும். "அந்தோனியார்" என்றான்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருவரும் இல்லை. அந்தோனியார் எங்கட தெரு. லிஸ்பன். நீங்கள்தான் கடன் வாங்கினது."

இரண்டு ஊர்ச் சனமும் சேர்ந்து கத்திய கத்தலில் கொத்துரொட்டிக்காரன் தட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அருட்பிரகாசம் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அப்ப உம்மைவிட இவர்தான் காணும் கோவிலுக்கு உரித்துக்காரன், பெனடிக்ற்! விளையாடட்டும், விடும்."

ஒலிபெருக்கியில் "எங்கள் மருமகன் டெல்பிம்!" என்று முழங்கியது. வரம்பில் நின்ற கிழவிகள் கையசைத்தார்கள். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். இத்தனை நாட்டு மைதானங்களில் நின்றவன்தான். ஆனால் நான் இங்கே கூலிக்கு நிற்கவில்லை என்ற நினைப்பு அவனுக்கு அன்றைக்குத்தான் வந்தது. அந்த நினைப்போடுதான் ஓடினான். ஊசி போட்ட கால் மரக்கட்டைபோல் நோகாமல் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிவை நெருங்கியது. ஊசியின் மரப்பு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. அவன் வரம்புப் பக்கம் திரும்பி, ஆளை மாற்று என்று கையைச் சுழற்றிக் காட்டினான். பெனடிக்ற் கண்டார். கண்டும், இரண்டு கையையும் விரித்துத் தள்ளி, நில் நில் என்று காட்டினார். யார் எப்படிச் சமாதானம் சொன்னாலும் சரி, அந்த இரண்டு கைக்கும் பெனடிக்ற் ஒருநாள் கணக்குக் கொடுக்கவேண்டும்.

கடைசிப் பந்து டெல்பிமின் இடது காலுக்கு வந்தது. வலது காலை ஊன்றி, உடம்பை முழுதும் அதில் சுமத்தி, தூரத்தில் ஓடிய கழகப் பொடியன் ஜெஸ்ரினின் தலைக்கு அளந்து அடித்தான். ஜெஸ்ரின் தலையைக் காட்டினான். கோல்.

ஊன்றிய கால் அப்படியே திருகியது. காய்ந்த பனைமட்டை முறிவது போல ஒரு சத்தம். அதை யார் கேட்டார்கள்? சனமெல்லாம் ஜெஸ்ரினைத் தூக்க ஓடியது. பறை அடித்தார்கள். பைலா போட்டார்கள். மைதானத்தின் மற்றப் பாதியில் ஒரு மனிதன் புல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவனைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனை நோக்கி ஓடியவள் பெர்னடெற் ஒருத்திதான். மணற்றுறை அருட்பிரகாசம் பின்னால் மூச்சிரைக்க வந்தார். தோற்றவருக்குத்தான் கீழே பார்க்க நேரம் இருந்தது.

பெனடிக்ற் கப்போடு வந்தார். "எழும்பு மச்சான்! போட்டோ எடுக்க வேணும்!"

"அண்ணை, கண் இல்லையோ உங்களுக்கு?" என்று பெர்னடெற் கத்தினாள்.

அம்புலன்ஸ் வரும்வரை ஒரு கதிரையில் தூக்கி இருத்தி, காலில் ஐஸ் பையை வைத்து, நடுவில் கப்பை வைத்து, போட்டோ எடுத்தே விட்டார்கள். அந்தப் போட்டோவும் கடையில் தொங்குகிறது. அதில் டெல்பிம் சிரிப்பது போலத்தான் தெரியும். பல்லைக் கடித்தாலும் பல் தெரியும்தானே.

ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், தைத்தார்கள், இரும்பு வைத்தார்கள். முழங்கால் இனி மடங்காது என்றார்கள். அரிசி மூட்டை தூக்கும் வேலை போனது. முதலில் பெனடிக்ற் கிழமைக்குக் கிழமை பழக்கூடையோடு வந்து, "எங்கட சிங்கம்" என்று தலையைத் தடவினார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அதுவும் இல்லை. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பெர்னடெற் இரட்டை ஷிப்ட் செய்தாள். அவன் யன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

"வலிக்குதோ?"

"இல்லை."

"வேறை என்ன?"

"ஒண்டும் இல்லை."

சித்திரை மாதத்தில் ஒருநாள், பெர்னடெற் வேலைக்குப் போயிருந்த நேரம், கதவில் மணி அடித்தது. பெனடிக்ற். உள்ளே வந்து இருக்கவில்லை. வாசலிலேயே நின்று கார்ச் சாவியைச் சுழற்றினார்.

"மச்சான், குறை நினையாதையும். இந்த ஒன்பதாம் நம்பர் ஜேர்சி... ஒரு செட்தான் எங்களிட்டை இருக்கு. புதுப் பொடியன் ஒருத்தன் வந்திருக்கிறான். சும்மா அலுமாரிக்குள்ளை கிடக்கிறதுதானே எண்டு..."

பெனடிக்ற் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நினைத்துப் பார்க்காமல் கேட்டார். டெல்பிம் தடியை ஊன்றிப் போய், தோய்த்து மடித்து வைத்திருந்த ஜேர்சியை எடுத்து வந்து கொடுத்தான். "வாறன் மச்சான்" என்று பெனடிக்ற் படியிறங்கினார்.

டெல்பிமுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சைப்பிரஸில் கண்ட அதே கொழுவி. சட்டை மாறிவிட்டது. அலுமாரிக்கு மேலிருந்த பையைத் தடியால் தட்டி விழுத்தினான். தன் பக்கத்து உடுப்பை எடுத்து மடித்து வைத்தான். கட்டிலை விரித்துச் சரியாக்கினான். தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

பெருந்தெரு பஸ் தரிப்பில் போய் இருந்தான். பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. முன்பெல்லாம் பை கட்டினால் எங்கேயோ ஒரு கழகம் கூப்பிட்டபடி இருக்கும். இப்போது கூப்பிட ஒருவரும் இல்லை. அல்பாமாவில் வீடு இல்லை, தாய் இல்லை. எந்தத் திசைப் பஸ்ஸில் ஏறுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தூறல் போட்டது. நீட்டிய கால் தரிப்புக்கு வெளியே நனைந்தது. மடக்க முடியாத கால் அல்லவா.

வேலை முடிந்து வந்த பஸ்ஸிலிருந்து பெர்னடெற் இறங்கினாள். முதலில் நீட்டிய காலைக் கண்டாள். பிறகு பையைக் கண்டாள்.

"எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

"பெனடிக்ற் வந்தது. ஜேர்சி கொண்டு போனது."

"அதுக்கு?"

"முடிஞ்சுதுதானே" என்றான். பிறகு இங்கிலீசில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். டொக்டர் சொன்னது, ஊசி, காலுக்காகத் தந்த கலியாணம், கால் போன பிறகு நிற்கக் கூடாது என்ற முறை. இத்தனை வருடத்தில் அவன் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

பெர்னடெற் பக்கத்தில் இருந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று பார்த்தால், ஆத்திரம்தான் வந்தது.

"மூண்டு வருசம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பற்றிஸ் சுட்டனே. அப்ப உங்களுக்குப் பந்தடிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியுமோ? சொல்லுங்கோ."

அவன் பையின் வாரைப் பிடித்துத் திருகினான்.

"என்னையும் உங்கட ஒரு கிளப் எண்டு நினைச்சிட்டியள். ஊசிக்காரனை நம்பினியள், என்னை நம்பேல்லை. ஒரு சொல்லு, ஏலாது பெர்னடெற் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்தக் கப்பைத் தூக்கி அண்ணையின்ரை தலையிலை போட்டிருப்பன்." மூக்கைத் துடைத்தாள். "நானும் கேட்டிருக்க வேணும். நொண்டேக்கை கண்டனான். சப்பாத்து எண்டியள், சரியெண்டு விட்டிட்டன்."

தூறல் மழையாகியது. அவள் எழுந்து பையைத் தோளில் போட்டாள். "எழும்புங்கோ. உலையிலை அரிசி போட வேணும்."

அவன் எழுந்தான். நல்ல முடிவு என்று நினைக்கவேண்டாம். போன கால் போனதுதான். ஷிப்ட் இரட்டை ஷிப்ட்தான். அரசாங்கப் பெனிபிட் காசு அலுவலாக ஏறி இறங்கிய படிகளும் கொஞ்சமில்லை. சில நாள் காலையில் அவன் எழும்பியதும் கண் அலுமாரிக்கு மேலேதான் போகும். அங்கே பை இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே பெர்னடெற் அதைக் கவிழ்த்துக் கொட்டி, குசினி மூலையில் வைத்து, வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுவிட்டாள். இப்போது அதில் மண்ணும் சருகுமாக இருக்கிறது. இனி யாரும் அதில் உடுப்பு வைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை இருவரும் கோவிலுக்குப் போவார்கள். எல்லாரும் முழந்தாளிடும்போது டெல்பிம் மட்டும் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போன மாதம் புதிதாக வந்த இரண்டு பெண்கள் பின்வரிசை வாங்கில் இருந்து குசுகுசுத்தார்கள்.

"பாத்தியே, அந்தோனியாருக்கு முன்னாலை நெட்டமரம் மாதிரி நிக்கிறதை. வெள்ளைக்காரத் திமிர்."

பெர்னடெற் முழங்காலில் நின்றபடியே திரும்பினாள். அதே வாங்கின் மற்ற நுனியில் பெனடிக்ற் செபமாலையோடு இருந்ததையும் கண்டாள். குரலைத் தணிக்கவில்லை.

"திமிர் இல்லைப் பிள்ளையள். அவரின்ரை முழங்கால் குட்மேய்ஸிலை, எங்கட அண்ணையின்ரை கடையிலை, சிகரெட் அலுமாரிக்கு மேலை கிடக்கு. போய்ப் பாருங்கோ, நல்லா மினுக்கி வைச்சிருக்கினம்."

பெனடிக்ற் செபமாலை மணியைத் தவறவிட்டு, எந்த மணியில் நின்றார் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பெர்னடெற் சுரூபத்தின் பக்கம் திரும்பி, தனக்கும் டெல்பிமுக்குமாகச் சேர்த்து, இன்னும் கொஞ்ச நேரம் முழங்காலில் நின்றாள்.